நான் பூசிய சுவர்

பாப்பா, இதை ஆபீஸில் வைத்துப் பிரிக்காதே. குவார்ட்டர்ஸுக்குப் போய், அந்தக் கனத்த பூட்ஸைக் கழற்றி, கால் கழுவி, ஒரு வாய் சாப்பிட்டபிறகு பிரி. பெரிய கடிதம். நான் பத்தாவது படித்தவன், வாழ்நாளெல்லாம் கட்டட கொட்டேஷன் மட்டுமே எழுதிப் பழகிய கை. எழுத்து கோணல் மாணலாக இருந்தாலும் பொறுத்துக்கொண்டு கடைசிவரை வாசி. பாதியில் போனைப் போட்டு "என்னப்பா இதெல்லாம்" என்று கேட்காதே. போனில் நமக்குப் பேச வராது. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசியபோது வழக்கம்போல் சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா, அங்கே மழையா என்று மூன்று கேள்வி முடிந்து, வைக்கப் போகிறாய் என்று நினைத்தேன். அப்போதுதான் சொன்னாய். "அந்தக் கடைசி வீட்டை ரிப்போர்ட்ல சேக்கலப்பா. முன்னாடி எடுத்த அளவையும் எடுத்துட்டேன். இனிமே உங்க பேரு எங்கயும் வராது. நீங்க ஒண்ணும் யோசிக்காம இருங்க." நான் "சரித்தா" என்றேன். அம்புட்டுத்தான் வாயில் வந்தது. நிலக்கரிச் சுரங்கத்தைச் சோதிக்கிற அரசாங்க அதிகாரி, தன் அப்பன் செய்த கோளாறு வெளியே வரக்கூடாதென்று ஒரு வீட்டையே கணக்கிலிருந்து எடுத்துவிட்டாள். நீ அதைச் சொன்ன விதத்தில், மழைக்கு நனையாமல் துணியை உள்ளே எடுத்துப் போட்டுவிட்டேன் என்று சொல்வது போல் இருந்தது.

உள்ளதைச் சொல்கிறேன். போனை வைத்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு திருமங்கலம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்துபோய், டாக்டர் வேண்டாமென்ற வடையை இரண்டு தின்றேன். டீக்கடைக்காரனிடம், கேட்காமலே, "மக பேசுனா" என்றேன். அவன் "அப்படியாண்ணே" என்று சொல்லிவிட்டு அடுத்த கிளாஸைக் கழுவப் போய்விட்டான். உன் அம்மா போனபிறகு எனக்காக ஒருவர் ஒரு காரியம் செய்தது அதுதான் முதல் தடவை. அதை வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். அதனால்தான் எழுத இத்தனை நாளாகிவிட்டது.

உன் அம்மா இருந்தவரை உன்னோடு பேசுவது அவள் வேலை. அரை மணி நேரம் நீங்கள் இருவரும் பேசுவீர்கள், சிரிப்பீர்கள், யாரையோ வைவீர்கள். கடைசியில் "இந்தாங்க, பாப்பாட்ட பேசுங்க" என்று போனை என் காதில் வைப்பாள். "என்னத்தா, சௌக்கியமா" என்பேன். "நல்லாருக்கேன்ப்பா" என்பாய். போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். எனக்கு அது போதுமாயிருந்தது. நீ என்ன சாப்பிட்டாய், என்ன புடவை வாங்கினாய், எந்த மேலதிகாரி உன்னை ஏய்க்கிறான் என்பதெல்லாம் ராத்திரிச் சாப்பாட்டில் அவள் வழியாக எனக்கு வந்துவிடும். இப்போது போன் நேரே என் கையில் வருகிறது. திருப்பிக் கொடுக்க ஆள் இல்லை.

ஒரு ஆளுக்குச் சோறு வடிப்பது எனக்கு இன்னும் கைவரவில்லை. எம்புட்டுக் குறைத்துப் போட்டாலும் மிஞ்சுகிறது. மிஞ்சியதைப் பின்வீட்டு ஆடு தின்று கொழுத்துவிட்டது. முழங்கால் வலிக்குப் பிறகு சாரம் ஏறுகிற வேலையை விட்டாகிவிட்டது. சில நாள் திருப்பரங்குன்றம் பஸ்ஸில் ஏறுகிறேன். சாமி கும்பிட என்று நினைத்துக்கொள்ளாதே. கோயிலுக்குப் போகிற நாள் வேறு. பஸ்ஸில் ஆள்கள் இருப்பார்கள், அதற்காக. இறங்கி ஒரு சர்பத் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். கண்டக்டர் பையன் இப்போதெல்லாம், "என்னண்ணே, இன்னைக்கும் சும்மாதானா" என்று கேட்டுக்கொண்டே டிக்கெட் கிழிக்கிறான். இதை உன்னிடம் முறையிடச் சொல்லவில்லை. எப்படி இருக்கிறேன் என்று தெரிந்தால்தான் அடுத்ததாக நான் சொல்லப் போவது உனக்குப் புரியும்.

நம் வீடு கரிசலில் நிற்கிற வீடு. சித்திரை வெயிலில் மண் வெடித்தால் சுவரும் கூடவே வெடிக்கும். ஐப்பசியில் மண் ஊறினால் தானாக மூடிக்கொள்ளும். சின்னப் பிள்ளையில் நீ நடு அறைச் சுவர் விரிசலில் பென்சிலை விட்டு விட்டுப் பார்ப்பாய். ஒரு வருஷம் பென்சில் உள்ளே விழுந்துவிட்டது என்று அழுதாய். நான் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் முன்னால் சிமெண்டைக் குழைத்துப் பூசிவிடுவேன், அடுத்த கோடையில் அது மறுபடி வாயைப் பிளக்கும். "ஊருக்கெல்லாம் ஆழமா பைல் அஸ்திவாரம் போட்டுக் கட்டிக் குடுக்குறாரு, நம்ம வீட்டுச் சுவத்துக்குள்ள பூரான் குடும்பம் நடத்துது" என்று உன் அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். எனக்குக் கோபம் வராது. கரிசலில் பிறந்தவனுக்கு விரிசல் என்றால் பயமில்லை. தலைவலி மாதிரி அது வரும், போகும்.

தொழிலிலும் அப்படித்தான். செல்லூரில் ஒரு வீடு, கீழே விசைத்தறி ஓடும், மேலே குடும்பம். தறி ஓடுகிற அதிர்வுக்குச் சுவரெல்லாம் கீறல். பெண் பார்க்க மறுநாள் வருகிறார்கள் என்று அந்த வீட்டுக்காரர் ஓடி வந்தார். ஒரே நாளில் அத்தனையையும் அடைத்து, பூசி, சுண்ணாம்பும் அடித்துக் கொடுத்தேன். மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், கல்யாணம் கூடிவிட்டது. அந்த வீட்டு அம்மா எனக்குப் புதுத்துண்டு போர்த்தி, "அண்ணே, நீங்க எங்களுக்குச் சாமி மாதிரி" என்றார். கூலியை மறந்துவிட்டேன், அந்தத் துண்டை மறக்கவில்லை. விரிசலை மூடுகிறவனுக்கு எங்கே போனாலும் மரியாதைதான் பாப்பா. அந்த மரியாதை எனக்குப் பிடிக்கும். அது பிடிக்காதவன் போல் இனிமேல் நடித்து என்ன ஆகப்போகிறது.

அம்மாவின் வருஷத் திதி முடிந்து, "பத்து நாள் வந்து இருந்துட்டுப் போங்கப்பா" என்று நீ கூப்பிட்டாய். சென்னையில் வண்டி மாறி, நாக்பூர் தாண்டி, இறங்கியபோது ஸ்டேஷனில் நீயே வந்து நின்றாய். தலையில் ஹெல்மெட் பதிந்த தடம் இருந்தது. பத்து நாளும் உன்னோடு பேசலாம் என்று நினைத்து வந்தேன். நீ விடியலில் போனால் விளக்கு வைத்தபிறகுதான் வருவாய். வந்தால் முகமெல்லாம் கரித்தூள், கண் சொருகும். உன் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். நீ என்ன வேலை பார்க்கிறாய் என்று அப்போதாவது கேட்டிருக்கலாம். இங்கே கேட்பவர்களிடமெல்லாம் "சுரங்கத்துல இன்ஸ்பெக்டர்" என்று மார்தட்டியிருக்கிறேனே தவிர, அந்த இன்ஸ்பெக்டர் காலையில் போய் எதை இன்ஸ்பெக்ட் செய்கிறாள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அங்கே போயும் தனியாகத்தான் இருந்தேன்.

பகலில் பொழுது போகாமல் நடக்கப் போன இடத்தில்தான் அந்த ஊர் கண்ணில் பட்டது. வயல், இலுப்பை மரங்கள், ஓட்டு வீடுகள், எல்லாவற்றுக்கும் கடைசியில் தனியாக ஒரு வீடு. அந்த வீட்டுப் பெண் பூல்மதி, முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டிருந்தவள், "உட்காருங்க பாபுஜி" என்று கட்டிலைக் காட்டினாள். இளவட்டத்தில் பூனாவில் மேஸ்திரி வேலை பார்த்த இந்தி எனக்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அவள் பேசினாள், நான் பேசினேன். அவள் புருஷன் சுக்ராம் அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவன், அவனும் வந்து சேர்ந்தான். மேடத்தின் அப்பா என்று தெரிந்ததும் டீயில் சர்க்கரை கூடியது. என்ன தொழில் என்று கேட்டார்கள், வீடு கட்டுவது என்றேன். உடனே உள்ளே கூட்டிக்கொண்டுபோய் அந்தச் சுவரைக் காட்டினாள்.

ஜன்னல் மூலையிலிருந்து தரைவரை ஒரு விரிசல். விரலை விடலாம். இரண்டு பக்கமும் தலையில் சிவப்புப் பெயிண்ட் பூசிய ஆணிகள், குறுக்கே ஒட்டிய ஒரு கண்ணாடித் துண்டு. "ஆபீஸ்காரங்க வந்து ஆணி அடிச்சாங்க, வந்து வந்து அளக்குறாங்க. அடைக்கத்தான் யாரும் இல்ல" என்றாள். எந்த ஆபீஸ் என்று நான் கேட்கவில்லை. 'அடைக்க யாரும் இல்ல' என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. இது ஒன்றுமில்லை, எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கிறது, பயப்படாதீர்கள் என்று சொன்னேன். அவள் முகம் தெளிந்ததைப் பார்த்தபோது, செல்லூர்த் துண்டை மறுபடி போர்த்தியது போல் இருந்தது.

மறுநாள் சுக்ராம் சைக்கிளில் சிமெண்ட் கொண்டுவந்தான். ஆணியைப் பிடுங்கினேன், கண்ணாடியைத் தட்டி எடுத்துக் குப்பையில் போட்டேன், விரிசலை நன்றாகக் கொத்தி, நனைத்து, அடைத்து, சுவர் முழுக்கப் பூசினேன். கையைச் சும்மா வைத்துக்கொண்டிருக்க முடியாமல், கீழே நூல் பிடித்து ஒரு பார்டர் கோடும் போட்டுக் கொடுத்தேன். சோறும் பருப்பும் சுட்ட தக்காளித் துவையலும் வைத்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது உன் ஜீப் வந்து நின்றது. நீயும் சுரங்கக் கம்பெனியின் சர்வேயரும் இறங்கினீர்கள். உன் கையில் ஆணிக்கு ஆணி இடைவெளி அளக்கிற கருவி இருந்தது. நீ சுவரைப் பார்த்தாய், அப்புறம் திரும்பி என் கொத்துக்கரண்டியைப் பார்த்தாய். நான் வேறு, "பாரு பாப்பா, விரிசல் இருந்த எடம் தெரியுதா?" என்று கேட்டேன். "தெரியலப்பா" என்றாய். அந்த சர்வேயர் முகமெல்லாம் சிரிப்பாக, "ரொம்ப நல்ல வேலை பாபுஜி" என்று சொல்லி, சுவரைப் போனில் படம் எடுத்துக்கொண்டான். நான் அந்தப் பார்டர் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று அதற்குப் போஸ் கொடுத்தேன். ஜீப்பில் திரும்பும்போது நீ வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய். ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்ததும் நீ சமையலறைத் தரையில் டம்ளர்களையெல்லாம் வரிசை வரிசையாகக் கவிழ்த்து வைத்தாய். மேலே ஒரு ஈரத்துண்டை விரித்தாய். "கீழ கரியைத் தோண்டும்போது கூரை விழாம இருக்கத் தூண் தூணா கொஞ்சம் கரியை விட்டு வைப்பாங்க. டம்ளருதான் அந்தத் தூணு. துண்டுதான் மேல இருக்கிற வயலு, வீடு எல்லாம். கடைசியில இந்தத் தூணையும் எடுக்க எங்கட்ட அனுமதி கேப்பாங்க." நடுவில் இருந்த டம்ளர்களை ஒவ்வொன்றாக உருவினாய். துண்டு இறங்கியது. எடுத்த இடத்தில் மட்டும் இறங்கவில்லை. டம்ளர்கள் நின்றுகொண்டிருந்த ஓரத்திலும் துணி உள்பக்கமாக இழுபட்டது. "இறங்குறது விபத்து இல்லப்பா. இறங்கத்தான் செய்யும். எம்புட்டு இறங்கும், எதுவரைக்கும் இழுக்கும்னு கம்பெனி முன்னாடியே கணக்குப் போட்டு, வரைபடத்துல ஒரு கோடு போட்டுக் காட்டணும். கோட்டுக்குள்ள ஆளு குடியிருக்கக் கூடாது. வயல்ல வரிசையா கல்லு நட்டு மட்டம் பாத்துக்கிட்டே இருக்கணும். சொன்னதுக்கு மேல போச்சுன்னா நிறுத்தணும். அந்த நிறுத்துற வேலைதான் எனக்கு."

பிறகு ஓரத்தில் தனியாக இருந்த ஒரு டம்ளரைத் தொட்டாய். "பூல்மதி வீடு கோட்டுக்கு வெளிய இருக்கு. வெளிய இருக்கிற வீடு பிளந்து, பிளவு மாசாமாசம் வளந்தா, கோடு தப்புன்னு அர்த்தம். கோடு தப்புன்னா அடுத்த பகுதியில தூணை எடுக்க விடக்கூடாது. அதைச் சொல்றதுக்கு எனக்கு இருந்தது அந்த ஆணியும், சுவரு நகந்தா உடையுற அந்தக் கண்ணாடியும்தான்." நான் தலையைக் குனிந்துகொண்டு, "வையிறதா இருந்தா வைஞ்சுரு தாயி" என்றேன். "வைய என்ன இருக்கு. தோசை ஊத்தவா?" என்று கேட்டுவிட்டு டம்ளர்களைப் பொறுக்க ஆரம்பித்தாய். நீ வைதிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். உன் அம்மாவாக இருந்தால் தெருவுக்கே கேட்கிற மாதிரி வைதிருப்பாள், அப்புறம் மோர் கொண்டுவந்து கொடுத்திருப்பாள்.

ஊருக்கு வந்த பிறகு நடந்ததெல்லாம் உன் வாயிலிருந்து துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டதுதான். அந்த வீட்டுக்கு ஒன்றுமில்லை என்று கம்பெனி எழுதிக் கொடுத்து, அந்தப் படத்தையும் சேர்த்து வைத்துவிட்டது. பூச்சுக்குக் கீழே என்ன இருந்தது என்று நீ சொல்ல வேண்டுமானால், ஆணி எங்கே, யார் பிடுங்கியது, யார் பூசியது என்று எல்லாம் சொல்லியாக வேண்டும். அதிகாரியின் அப்பாவே சாட்சியத்தைக் கலைத்தார் என்பார்கள். உன்னிடம் விளக்கம் கேட்பார்கள். என்னைக் கூப்பிட்டு நிற்கவைப்பார்கள். "இந்த வயசுல உங்கள அங்க கொண்டு வந்து கூண்டுல நிக்கிற மாதிரி நிக்க வைக்க மாட்டேன்" என்றாய். மாதக் கடைசியில் அனுமதிக்கான கூட்டம். கடைசி வீடு இல்லாத ரிப்போர்ட் போனால் கோடு போட்டபடியே நிற்கும், அடுத்த பகுதிக்கு அனுமதி கிடைத்துவிடும். அந்தப் பகுதி பூல்மதி வீட்டுப் பக்கம்தான் நீள்கிறது என்று நீ டம்ளர் வைத்துக் காட்டியபோதே பார்த்துவிட்டேன்.

நேற்றுப் பூல்மதி வீடியோவில் கூப்பிட்டாள். நீ ஆச்சரியப்படாதே, அவள் அவ்வப்போது கூப்பிடுவாள். என் இந்தியைக் கேட்டுச் சிரிப்பதற்கு அவளுக்கு ஒரு ஆள் வேண்டும், எனக்கும் மணி அடித்தால் எடுக்க ஒரு போன் வேண்டும். "பாபுஜி, நீங்க பூசுனது பிளந்துருச்சு. சிமெண்ட் சரியில்லையா?" என்று கேட்டுப் போனைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். சிமெண்டில் குறை இருந்தால் பூச்சு வலைபோல் பொடிப்பொடியாகக் கீறும். இது அப்படி இல்லை. பழைய விரிசல் எந்த வழியில் போனதோ அதே வழியில், ஜன்னல் மூலையிலிருந்து கீழே. நான் நூல் பிடித்துப் போட்ட பார்டர் கோடு பிளவின் இந்தப் பக்கம் ஒரு உயரத்திலும் அந்தப் பக்கம் அதற்குக் கீழேயும் நிற்கிறது. மழை பெய்துவிட்டதா என்று கேட்டேன். நன்றாகப் பெய்துவிட்டது என்றாள். கரிசல் விரிசலென்றால் மழைக்கு மூடியிருக்க வேண்டும்.

"அந்தச் சுவரோரம் படுக்காதீங்க" என்றேன். "நீங்களும் உங்க மக மாதிரியே பேசுறீங்க. அவங்க இப்பல்லாம் இந்தப் பக்கம் வாரதே இல்ல. நீங்க வந்து ஒரு தடவை நல்ல சிமெண்டா போட்டுப் பூசிக் குடுங்க, அதுவரைக்கும் கட்டிலைத் தள்ளிப் போட்டுக்கிறோம்" என்றாள். அவள் காத்துக்கொண்டிருக்கிறாள் பாப்பா. சர்க்கார் நோட்டீஸ் ஒட்டினால்கூட நம்பமாட்டாள், ஒன்றுமில்லை என்று நான் சொன்னதை நம்பிக்கொண்டு புருஷனோடு அந்தக் கூரைக்குக் கீழே காத்துக்கொண்டிருக்கிறாள். நீ ஏன் அந்தப் பக்கம் போவதில்லை என்று எனக்குப் புரிகிறது. போனால் பார்க்க வேண்டும், பார்த்தால் எழுத வேண்டும்.

ஆகையால், அந்த வீட்டைத் திரும்பச் சேர்த்துவிடு. முன்பு எடுத்த அளவையும் சேர். ஆணியைப் பிடுங்கியது இன்னார், பூசியது இன்ன தேதி, பூச்சு மறுபடி பிளந்தது இவ்வளவு என்று ஒன்று விடாமல் எழுது. தேதிக்குச் சந்தேகமே வேண்டாம், அன்றைக்கு நான் மறுசோறு சாப்பிட்ட நாள், எனக்கு மறக்காது. உன்னை அந்தக் கேஸிலிருந்து விலக்கினால் விலக்கட்டும். வேறு ஒருவர் வந்து அளக்கட்டும். அளக்கிறவர் யாராயிருந்தாலும் சுவர் ஒரே சுவர்தான். அங்கிருந்து மாற்றினாலும் மாற்றட்டும். மாற்றினால் தெற்கே போடமாட்டார்களா என்று ஒரு நப்பாசை எனக்கு இல்லாமல் இல்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதற்காக இதைச் சொல்லவில்லை என்பதை நீதான் நம்ப வேண்டும்.

என்னைக் கூப்பிட்டால் வாரேன். முழங்காலைப் பற்றி நீ கவலைப்படாதே, ரயிலில் உட்கார்ந்துதானே வரப்போகிறேன். என்ன கேட்டாலும் சொல்கிறேன். தெரியாமல் செய்தேன் என்றுகூடச் சொல்லமாட்டேன். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், கேட்கவில்லை என்று சொல்வேன். அதற்கு முன்னால் பூல்மதி வீட்டுக்குப் போய், இதற்குப் பூச்சு கிடையாது, கட்டிலைத் தள்ளிப் போட்டால் போதாது, வீட்டைவிட்டுக் கிளம்புங்கள் என்று என் வாயாலேயே சொல்ல வேண்டும். அவளுக்கு என்மேல் கோபம் வரும். அதற்குப் பிறகு போன் வராது. அந்த மணிச் சத்தம் இல்லாமலும் இருந்து பழகிக்கொள்வேன்.

உன் வேலைக்கு யாரும் துண்டு போர்த்தமாட்டார்கள் பாப்பா. பிளவைத் திறந்து வைத்து, பார் பார் என்று காட்டுகிறவளுக்கு யார் டீ கொடுப்பார்கள். கம்பெனிக்காரனுக்கும் பிடிக்காது, குடியிருக்கிறவனுக்கும் பிடிக்காது. நீ ராத்திரி வந்து பேசாமல் சாப்பிடுவதன் காரணம் இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. அந்த வேலையில் உனக்கென்று இருந்த ஒரே பலம், யாருக்காகவும் நீ ஒரு அளவையும் மாற்றியதில்லை என்பதுதான். அதை எனக்காக விட்டுக் கொடுத்தாய். அந்தப் பாசத்தை நான் எடுத்துக்கொண்டேன், எடுத்து வைத்துக்கொண்டேன், யாருக்கும் தரமாட்டேன். அந்த அளவை மட்டும் திரும்ப வைத்துவிடு.

எழுதும்போது உன் கை ஒரு இடத்தில் நிற்கும் என்று நினைக்கிறேன். பூசியவர் பெயர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டால், அதிகாரிக்கு அவர் என்ன உறவு என்று பக்கத்திலேயே எழுத வேண்டிவரும். அங்கே தயங்காதே, முழுசாக எழுது. நீ வேலைக்குப் போனதிலிருந்து இந்த வீட்டில் என்னை அப்பா என்று கூப்பிட ஒரு குரல் இல்லை. அந்தக் காகிதத்திலாவது நீ ஒரு தரம், நாலு பேர் வாசிக்கிற மாதிரி, இவர் என் அப்பா என்று சொல்லிவிடு.